பத்து எண்ணுவதற்குள்

என் தம்பி பெண்டாட்டி பாண்டிச்செல்வி ஓட ஆரம்பித்தது கத்திரி வெயில் தொடங்குவதற்கு நாலைந்து நாள் முன்பு. அவளுக்கு வயது முப்பத்தெட்டு. இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தாய். அதுவரை அவள் வேகமாக நடந்துகூட நான் பார்த்ததில்லை. பஸ் நகர்ந்துவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நின்றுகொள்ளலாம் என்கிற ரகம். மழை பிடித்தால் ஒதுங்கக்கூட மாட்டாள், நனைந்துகொண்டே நிதானமாக வருவாள்.

நாத்தனார் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேட்க வேண்டும் என்பார்கள். தாராளமாகத் தள்ளிக்கொள்ளுங்கள். மீதிப் பாதியே இங்கே போதும்.

என் பெயர் வள்ளித்தாய். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் செல்வியும் ஒரே ரூமில் வேலை பார்க்கிறோம். வீடும் ஒட்டினதுதான், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். என் வீட்டுக்காரர் கேரளாவில் ஓட்டல் வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது, தீபாவளி பொங்கலுக்கு வருவார். அதனால் எனக்கு உறவு, ஊர் வம்பு, சண்டை எல்லாமே தம்பி குடும்பம்தான். கம்பெனியில் ரூமுக்கு நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். புஸ்வாணக் கூட்டுக்குள் மருந்து செலுத்துவது எங்கள் வேலை. காலை எட்டு மணிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்போம். ஒன்றுக்கு வந்தால்கூட, கையில் இருக்கிற தட்டு தீரட்டும் என்று அடக்கிக்கொண்டு இருப்போம்.

அம்மன் கோவில் சித்திரைப் பொங்கலுக்கு மூடிய கம்பெனி, லைசென்ஸ் புதுப்பிக்கிற வேலை முடியாததால் ஜூன் மாதம்தான் திறக்கும் என்று சொல்லிவிட்டார்கள். சரி, ஒன்றரை மாதம் கையைக் காலை நீட்டிப் படுக்கலாம் என்று நான் சந்தோஷமாக இருந்தேன். மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனால், கண்மாய்க் கரையில் ஒருத்தி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மேலே ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலைதெறிக்க ஓடுகிறாள்.

எங்கள் பக்கத்தில் யாராவது ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்று கேட்கிற பழக்கம் கிடையாது. முதலில் கூடவே ஓடிவிட வேண்டும், காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். நானும் குடத்தைப் போட்டுவிட்டு இருபது அடி ஓடினேன். அப்புறம்தான் அந்த நீலச் சட்டை என் தம்பி முனியராஜ் சட்டை என்று தெரிந்தது.

"ஏடி, எங்கன வெடிச்சது?" என்று கத்தினேன்.

"எங்கனயும் வெடிக்கல மதினி. சும்மா ஓடுதேன்" என்றாள்.

சும்மா ஓடுகிறாளாம். என் ஈயக் குடம் நசுங்கியது நசுங்கியதுதான்.

அன்றைக்குக் குழாயடியிலேயே அவளை நிறுத்தி வைத்துக் கேட்டுவிட்டேன். சர்க்கரையா, எடை குறைக்கவா, இல்லை மூத்தவள் போனில் எதையாவது காட்டிக் கெடுத்துவிட்டாளா என்று.  அவள் சட்டை நுனியை முறுக்கிக்கொண்டே நாலு வருஷத்துக்கு முந்திய ஒரு நாளைச் சொன்னாள்.

அந்த நாள் எனக்கும் தெரியும். நான் கோவில்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கம்பெனியில் எங்கள் ரூமுக்கு வெளியே, காயவைக்கிற மேடையில் புகை வந்ததாம். யாரோ ஓடு என்று கத்த, எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். மேடையில் இருந்த கொஞ்சம் சரக்கு மட்டும் படபடவென்று வெடித்து அடங்கிவிட்டது. இரண்டு பேருக்குக் கையில் லேசாகச் சூடு. பேப்பரில்கூட வரவில்லை. எங்கள் ஊர்க் கணக்கில் அதெல்லாம் விபத்தே இல்லை.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. எல்லோரும் எழுந்து ஓடியபோது செல்வியும் எழுந்தாளாம். இடுப்புக்குக் கீழே இரண்டு காலும் இல்லாத மாதிரி இருந்ததாம். சம்மணம் போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்ததில் முழுசாக மரத்துப்போயிருக்கிறது. அப்படியே குப்புற விழுந்து, முழங்கையை ஊன்றி ஊன்றி வாசற்படி வரைக்கும் ஊர்ந்திருக்கிறாள். அதற்குள் வெடித்து முடிந்துவிட்டது.

"பொகை வந்ததுலருந்து வெடிச்ச வரைக்கும் பத்து எண்ணலாம் மதினி. நான் எண்ணுனேன். எனக்குக் கால்ல ரத்தம் ஏறி, எந்திரிச்சு, ரூமுக்கு வெளிய இருக்க வேப்ப மரத்தடிக்குப் போறதுக்கு இருவத்தாறு ஆகுது. நேத்து வீட்டுல அதே தூரம் வச்சு உக்காந்து பாத்தேன். கம்பெனி தெறக்கதுக்குள்ள அதப் பத்தாக் கொறைக்கணும்."

நாலு வருஷம் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து செலுத்தியிருக்கிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"அம்புட்டுப் பயமுன்னா வேற வேலைக்குப் போக வேண்டியதுதானே? சிவகாசியில நோட்டு பைண்டிங்குக்கு ஆள் கேக்காக."

"எனக்குத் தெரிஞ்ச வேல இது. இதுல நான் கெட்டிக்காரி. காலு மட்டுந்தான் மக்கு" என்றாள்.

அது உண்மை. அச்சங்குளத்துப் பக்கம் பிறந்தவள் அவள். அவள் அப்பா அடுத்தவர் கரிசலில் கூலிக்கு உழுதவர். எட்டாவது முடித்ததும் தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்ட உட்கார்ந்தவள், அதிலிருந்து உட்கார்ந்தே இருக்கிறாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் உட்கார்ந்துதான் இருந்தாள். நான்தான் பெண்ணை எழுந்து நடக்கச் சொன்னேன். கால் ஊனமோ என்று சந்தேகம். அதை அவள் இன்னும் மறக்கவில்லை, வருஷத்துக்கு ஒருதரம் சொல்லிக்காட்டுவாள்.

முனியராஜுக்கு விஷயம் தெரிந்ததும் அவன் நேரே சிவகாசி கடைவீதிக்குப் போய் ஒரு ஜோடி ஷூ வாங்கிவந்தான். சிவப்பு நிறம், பக்கவாட்டில் வெள்ளைக் கோடு. செல்வி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டாள்.

"ரூமுக்குள்ள வெறுங்காலோடதான் இருக்கோம். ஷூவப் போட்டு ஓடிப் படிச்சுட்டு அங்கன போயி வெறுங்காலோட ஓடச் சொல்லுதீகளா?"

சேலையும் அதே காரணம்தான். மேலே போட்ட சட்டையும் அதே காரணம்தான், கம்பெனியில் நாங்கள் எல்லோரும் சேலைக்கு மேலே வீட்டுக்காரர் சட்டை போட்டுத்தான் உட்காருவோம். அவளுக்கு மெடல் வாங்குகிற எண்ணம் இல்லை. உடம்பு இளைக்கிற எண்ணமும் இல்லை. ஒரு கதவு, அதற்கு வெளியே ஒரு வேப்ப மரம், நடுவே இருபத்தைந்து கஜம். அவ்வளவுதான் அவள் பந்தயம்.

ஷூவை முனியராஜ் போட்டுக்கொண்டான். அவனுக்கு அது இரண்டு அளவு சின்னது. உள்ளூரில் ஓணான் பிடிக்க முடியாதவன் வெளியூரில் உடும்பு பிடிக்கப் போனானாம் என்பார்கள். முதல் நாள் பெண்டாட்டிக்கு ஓடச் சொல்லித்தருகிறேன் என்று கிளம்பினவன், கண்மாய் மடை வரைக்கும் ஓடி, அங்கிருந்து பால்காரர் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினான். மூத்தவள் அழகுமீனா பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வெட்டியாக இருந்தாள், அவளும் சேர்ந்துகொண்டாள். இளையவள் கீர்த்திகாவுக்குப் பத்து வயது, அவளை விட்டுவிட்டுப் போனால் தெருவே கேட்கும்படி அழுவாள். ஒரு வாரத்தில் குடும்பமே காலை ஐந்து மணிக்குக் கரையில் ஓடியது. நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். வாயால் நானும் ஓடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முனியராஜ் சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறான். குட்டி யானை என்பார்களே, அதுதான். பட்டாசு லோடு இல்லாத அந்த ஒன்றரை மாதமும் அவனுக்கு நோட்டு லோடு. பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சிவகாசியில் அச்சடித்த நோட்டெல்லாம் ஊர் ஊராகப் போயாக வேண்டும். தென்காசி, தூத்துக்குடி, ராஜபாளையம், திருநெல்வேலி என்று தினம் ஓர் ஊர். போகும்போது லோடு, வரும்போது காலி வண்டி. காலி வண்டியில் காற்றை ஏற்றிக்கொண்டு வருவதற்குப் பதில் எங்களை ஏற்றிக்கொண்டு வரலாமே என்று கண்டுபிடித்தவள் கீர்த்திகா. வரும்போது ஏறவேண்டுமென்றால் போகும்போதும் ஏறித்தானே ஆக வேண்டும்? எனவே போகும்போதும் நோட்டுக்கட்டுகளின் மேல் நாங்கள்.

முன் சீட்டு யாருக்கு என்பதில் முதல் நாளே தகராறு. வயதுக்கு மரியாதை என்று நான் சொன்னேன். அத்தைக்கு வெயிட் ஜாஸ்தி, முன்னால் உட்கார்ந்தால் அப்பா கியர் போட முடியாது என்று அழகுமீனா சொன்னாள். கடைசியில் நான் முன்னால்தான் உட்கார்ந்தேன். கியர் போடும்போதெல்லாம் தம்பி, "அக்கா, முழங்கால எடுங்க" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். செல்வியும் பிள்ளைகளும் பின்னால் தார்ப்பாயைக் கூடாரமாகக் கட்டிக்கொண்டு அவித்த கடலை தின்றபடி வந்தார்கள். போலீஸ் நிற்கிற இடத்தில் முனியராஜ் இரண்டு ஹாரன் கொடுப்பான். உடனே மூன்று பேரும் தார்ப்பாய்க்குள் படுத்து நோட்டுக்கட்டாகிவிடுவார்கள்.

ராஜபாளையத்தில் லோடை இறக்கிவிட்டு மலையடிவாரத்து ஆற்றுக்குப் போனோம். ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான், ஆனால் மாமர நிழல் இருந்தது. புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் தின்றுவிட்டு நான் கண்ணசரலாம் என்று படுத்தேன். செல்வி ஒரு முறத்தில் சின்ன வெங்காயத்தை வைத்துக்கொண்டு கம்பெனியில் உட்காருகிற மாதிரியே அசையாமல் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. திடீரென்று என் காதோரம் டமார் என்று ஒரு சத்தம். துள்ளி விழுந்து எழுந்தால், கீர்த்திகா எவர்சில்வர் தட்டைக் கல்லில் ஓங்கி அடித்துவிட்டு நிற்கிறாள். செல்வி வெங்காயத்தை அப்படியே போட்டுவிட்டு, தள்ளாடி, ஒரு காலை இழுத்துக்கொண்டு, தூரத்து மாமரத்தைப் பார்த்து ஓடுகிறாள். அழகுமீனா போனில் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

"இருவத்தி ரெண்டும்மா!"

இதுதான் அந்தக் கோடை முழுவதும் நாங்கள் போன இடமெல்லாம் நடந்த கூத்து. எப்போது தட்டைத் தட்டுவது என்பது கீர்த்திகாவின் இஷ்டம். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் விதி. அந்த அதிகாரம் கிடைத்ததில் பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. செல்வி வாயில் சோற்றை வைக்கும்போது தட்டுவாள், கொட்டாவி விடும்போது தட்டுவாள். தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு தட்டு, மணலில் கால் புதைந்து இருபத்தொன்று. குற்றாலத்தில் மே மாதம் யார் போவார்கள்? நாங்கள் போனோம். அருவியில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை, காய்ந்த பாறையில் குரங்குகள் மட்டும் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன. கீர்த்திகா தட்டைத் தட்டியதும் குரங்குகள் மூன்று எண்ணுவதற்குள் மரத்தின் மேல். செல்வி பதினேழு.

"அதுக சம்மணம் போடலல்ல" என்றாள் செல்வி மூச்சு வாங்கிக்கொண்டே. சிரித்துச் சிரித்து எனக்கு விலா நோவெடுத்தது.

ஓட்டத்தில் கோளாறு இல்லை, உட்காருவதில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தவள் அழகுமீனா. காலையில் கரையில் ஓடும்போது அம்மா நன்றாகத்தான் ஓடுகிறாள், எழுந்திருக்கத்தான் நேரம் ஆகிறது என்று அவள் நோட்டில் எழுதி வைத்துப் பார்த்துச் சொன்னாள். அதற்கப்புறம் செல்வி கை ஒரு வேலை, கால் ஒரு வேலை என்று பழக ஆரம்பித்தாள். கை வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும், சேலைக்குள் கால் விரல்கள் தனியே மடங்கி நீண்டு மடங்கி நீண்டுகொண்டிருக்கும். நூறு வெங்காயத்துக்கு ஒருதரம் காலை மாற்றி மடிப்பாள். கை நிற்கவே நிற்காது. ஃபோர்மேன் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. மே மாதம் மூன்றாம் வாரம் பதிமூன்றுக்கு வந்துவிட்டாள்.

எனக்கும் சொல்லித்தருகிறேன் என்றாள். ஒருதரம் இல்லை, போன ஊரிலெல்லாம் கேட்டாள்.

"மதினி, ஒரே ஒரு தடவ உக்காந்து பாருங்களேன்."

"எனக்கு நாப்பத்தொம்பது வயசு. இருவத்தி ரெண்டு வருசமா அங்கனதான் உக்காந்திருக்கேன். வாறது வரட்டும். போ, போயி நீ ஓடு."

கெத்து என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். உள்ளுக்குள் வேறு சங்கதி. எனக்கு எத்தனை ஆகும் என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

மே கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனைக்குட்டம் அணைக்குப் போனோம். அது தூரப் பயணம் இல்லை, அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்குகிற இடம். கரையோரம் புல்லில் எட்டுப் பத்துக் குடும்பம் உட்கார்ந்திருந்தது. எல்லாம் எங்களை மாதிரிக் கம்பெனி ஆட்கள். எங்கள் ஃபோர்மேன் இருளாண்டி அண்ணாச்சி குடும்பமும் பெரிய பிரியாணிச் சட்டியோடு வந்திருந்தது. செல்வி முறத்தோடு உட்கார்ந்தாள். இங்கே வேண்டாம் என்று நான் சொன்னேனா என்றால், சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் எழுந்து தண்ணீரண்டை கை கழுவப் போயிருந்தேன்.

கீர்த்திகா தட்டைத் தட்டினாள். செல்வி எழுந்து ஓடினாள்.

கரையில் இருந்த அத்தனை பேரும் ஓடினார்கள்.

ஒருத்தர் ஏன் என்று கேட்கவில்லை. ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்பிள்ளைகள் கையில் கிடைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஒருவர் அவசரத்தில் என் தம்பி மகளையே தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். தட்டைத் தட்டிய பிள்ளை அவர் தோளில் தொங்கிக்கொண்டு, "நாந்தான் மாமா! நாந்தான்!" என்று கத்துகிறது. இருளாண்டி அண்ணாச்சி ஓடிய ஓட்டத்தில் அவர் கால் பட்டுப் பிரியாணிச் சட்டி உருண்டது. இரண்டு நிமிடத்தில் பாதிக் கூட்டம் மேலே ரோட்டில் நின்று இரைத்துக்கொண்டிருந்தது. எந்தக் கம்பெனி, எங்கன வெடிச்சது, எத்தன பேரு என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தர் அதற்குள் மச்சானுக்குப் போன் போட்டு, "நல்லாயிருக்கியாலே?" என்று கேட்டு அழுதுவிட்டார்.

தட்டுதான் என்று தெரிந்ததும் எங்களுக்குக் கிடைத்த வசவை எழுத முடியாது. எழுதினால் அச்சில் ஏறாது. இருளாண்டி அண்ணாச்சி வேட்டியில் மசாலாவோடு செல்வி முன்னால் வந்து நின்றார்.

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? இந்தக் கூத்து கம்பெனி கேட்டுக்குள்ள வந்துச்சு, அன்னைக்கே ஒன் சீட்டக் கிளிச்சிருவேன். ரூமுக்குள்ள ஓடக் கூடாதுங்கது தெரியுமில்ல?"

"தெரியும் அண்ணாச்சி" என்றாள் செல்வி தலையைக் குனிந்துகொண்டு.

முனியராஜ் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக்கொடுத்துச் சமாதானம் செய்தான். வண்டியில் வரும்போது நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே வந்தோம், கீர்த்திகாவைத் தூக்கிக்கொண்டு ஓடியவரைப் போல அழகுமீனா நடித்துக் காட்டினாள். செல்வி மட்டும் சிரிக்கவில்லை. வீடு வந்து இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மரத்தடியில நின்னு திரும்பிப் பாத்தேன் மதினி. ஓடுனதெல்லாம் ஆம்பளைகளும் பிள்ளைகளுந்தான். உக்காந்திருந்த பொம்பளைகள்ல பாதிப்பேரு முழங்கால் வரைக்குந்தான் எந்திரிச்சாக. இருளாண்டி அண்ணாச்சி பெண்டாட்டி கையால தரையத் தள்ளுது, எந்திரிக்க முடியல. அவரு அதப் பாக்கவே இல்ல."

"போயிப் படுடி. பகல் பூரா வெயில்ல கெடந்தது மண்டைக்கு ஏறிருச்சு" என்றேன்.

அந்த வாரமே அவள் பத்தைத் தொட்டாள். அதற்கு அடுத்த வாரம், சாத்தூர் வைப்பாற்று மணலில், வெறும் ஒன்பது. முனியராஜ் அவளைத் தூக்கிச் சுற்றினான், இடுப்பு பிடித்துக்கொண்டு மூன்று நாள் தைலம் தேய்த்தான். கோடை முடிந்தது. பிள்ளைகள் கருத்துப்போய் எலும்பும் தோலுமாக, ஆனால் மான்குட்டி மாதிரி இருந்தார்கள். என் தம்பிக்குத் தொந்தி பாதியாகியிருந்தது. எனக்கு மட்டும்தான் ஒன்றும் குறையவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் கம்பெனி திறந்தது. உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கட்டும் என்று வாசலில் இருக்கிற செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போனோம். நான், செல்வி, பேச்சியம்மாள், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண். நாலு பேரும் உட்கார்ந்தோம். வேலை ஓடியது. எனக்கும் கை பழகியது பழகினதுதான், ஒன்றரை மாதம் சும்மா இருந்தும் தடுமாறவில்லை. பேச்சியம்மாள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தாள். மணி பதினொன்றரை இருக்கும்.

படார் என்று ஒரு சத்தம். சுவர் அதிர்ந்தது.

நான் எழுந்தேன். எழுந்ததாக நினைத்தேன். கால் இரண்டும் அங்கே இல்லை. தொடையைக் கையால் அடித்தேன், வேறு யாருடைய தொடையையோ அடிக்கிற மாதிரி இருந்தது. பேச்சியம்மாள் என் மேல் சாய்ந்து விழுந்தாள். புதுப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, நின்ற இடத்திலேயே அலறினாள். செல்வி என் பக்கத்தில் இல்லை. திறந்த கதவில் அவள் உள்ளங்கால்கள் மட்டும் ஒரு கணம் தெரிந்தன, பிறகு அவையும் இல்லை.

போய்விட்டாள் என்று நினைத்தேன். என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அப்படி நினைத்ததற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன், ஆனால் நினைத்தேன். பேச்சியம்மாளைத் தள்ளிவிட்டுக் கையை ஊன்றினேன். காலில் ஊசி குத்த ஆரம்பித்தது. ஒரு முழங்கால் வந்தது, அடுத்தது வந்தது. வாசற்படியில் நெஞ்சை வைத்து அந்தப் பக்கம் விழுந்து, எழுந்து, நொண்டி நொண்டி வேப்ப மரத்தடிக்குப் போனேன். பின்னாலேயே மற்ற இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

ஒன்றும் வெடிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே அட்டைப்பெட்டி ஏற்றிவந்த லாரியின் டயர் வெடித்திருக்கிறது. இருளாண்டி அண்ணாச்சி தூரத்திலிருந்து கையை ஆட்டி, "டயருதான்! டயருதான்! எல்லாரும் உள்ள போங்க!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார்.

செல்வி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். முகமெல்லாம் கண்ணீர். அவளை நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"முப்பத்தி ஒம்பது, மதினி" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"நீங்க வர முப்பத்தி ஒம்பது ஆச்சு. நான் ஒம்பதுல வந்துட்டேன். வந்து நின்னு ஒங்களத்தான் எண்ணுனேன். பத்து ஆச்சு, நீங்க வரல. பதினஞ்சு ஆச்சு, வரல. உள்ள ஓடி வரலாம்னு ரெண்டு தடவ காலெடுத்து வச்சேன், வீட்டுல ரெண்டு புள்ள கெடக்கேன்னு நின்னுட்டேன். எண்ண எண்ண எனக்கு உசுரே போயிருச்சு."

பெண் பார்க்கப் போன இடத்தில் கால் சரியாக இருக்கிறதா என்று நான் நடக்கவிட்டுப் பார்த்த பெண் அவள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். "நீ நின்னதுதான் சரி. வந்திருந்தேன்னா செத்தும் ஒன்ன மன்னிக்க மாட்டேன்" என்றேன். இருளாண்டி அண்ணாச்சி பக்கத்தில் வந்து ஏதோ திட்ட ஆரம்பித்தவர், பாதியில் விட்டுவிட்டு என் முழங்காலில் வழிந்த ரத்தத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் விடியற்காலை நான் கண்மாய்க் கரைக்குப் போனேன். பேச்சியம்மாளும் வந்தாள், ஓடுகிற நேரம் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். மூன்றாம் நாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு இருளாண்டி அண்ணாச்சி பெண்டாட்டி வந்து சேர்ந்தாள். உயிருக்குப் பயந்தா இந்த வயதில் ஓடுகிறாய் என்று தெருவில் கேட்கிறார்கள். என் உயிர் போனால் போகட்டும், அதற்கென்ன, ஒரு நாள் போகத்தானே வேண்டும். என் தம்பி பெண்டாட்டி இன்னொரு தரம் அந்த மரத்தடியில் நின்று என்னைப் பத்துக்கு மேல் எண்ணக் கூடாது.